தன் முகவரியைத் தானே தேடும் காலிகோ: ஒரு மதிப்புரை

கன்டெய்னர்களைப் பல இயந்திரங்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் கிளஸ்டர்களுக்கு (சேர்ந்து வேலை செய்யும் இயந்திரக் கூட்டங்களுக்கு) உள் நெட்வொர்க்கை அமைத்துத் தரும் திறமூலக் கருவிகளுள் காலிகோ நெடுநாளாக முன்வரிசையில் இருக்கிறது. அதன் வேகத்தைப் பற்றியும், பாதுகாப்பு விதிகளை அது நிறைவேற்றும் திறத்தைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. நிறுவிய முதல் சில நொடிகளிலேயே அது முடித்துவிடும் ஒரு சிறு வேலையை மட்டும் இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன். கிளஸ்டரின் ஒவ்வொரு இயந்திரத்திலும், அதாவது ஒவ்வொரு நோடிலும், எழும்பியவுடன் அந்த இயந்திரத்தின் ஐபி முகவரி எது என்பதைக் காலிகோ தானே தேடிக் கண்டுபிடித்து மற்ற நோடுகளுக்கு அறிவிக்கிறது. விடை சரியாக அமைந்தால் இப்படி ஒரு தேடல் நடந்ததே யாருக்கும் தெரிவதில்லை. விடை தவறினால் கிளஸ்டர் பாதி உயிரோடு நிற்கும். பழுது பார்ப்பவர் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை), ஃபயர்வால், சான்றிதழ் என்று எல்லாவற்றையும் சந்தேகித்து ஓய்ந்த பிறகே முகவரிக்கு வந்து சேர்வார்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவரியைக் கண்டறியக் காலிகோ தரும் வழிகளின் செழுமை, இதே வேலையைச் செய்யும் வேறு கருவிகளில் நான் கண்டதைவிட அதிகம். ஆனால் நாம் எதுவும் சொல்லாதபோது அது கைக்கொள்ளும் வழிதான் அவற்றுள் மிகப் பலவீனமானது. அதை மாற்றாமல் உண்மையான பயன்பாட்டுக்குக் கிளஸ்டரைத் திறந்துவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு சர்வருக்கு ஒரே முகவரிதான் என்ற எண்ணம் நடைமுறையில் நிற்பதில்லை. இயந்திரம் தன்னோடு தானே பேசும் லூப்பேக்கில் 127.0.0.1 இருக்கும். பொது நெட்வொர்க்குக்கு ஒரு நெட்வொர்க் அட்டை, சேமிப்பகத்துக்கு ஓர் அட்டை, நிர்வாகத்துக்கு ஓர் அட்டை என்று மூன்று முகவரிகள் இருக்கலாம். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் நிறுவப்பட்டிருந்தால், அவற்றை வலையோடு இணைக்கும் அதன் மெய்நிகர்ப் பாலம் பெரும்பாலும் 172.17.0.1 என்ற முகவரியோடு நிற்கும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும் டாக்கர் கம்போஸ் உருவாக்கிய கூடுதல் பாலங்கள் அதற்கு மேல். வயர்கார்டு என்ற விபிஎன்னின் சுரங்கம் ஒன்றிருந்தால் அதற்கும் ஒரு முகவரி. டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் இருந்தால் 100.64.0.0/10 தொகுதியிலிருந்து இன்னொன்று. லினக்ஸ் கர்னலைப் பொறுத்தவரை இவை எல்லாமே செல்லுபடியாகும் முகவரிகள். அவற்றுள் எதை மற்ற நோடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது கிளஸ்டரை வடிவமைத்தவரின் மனத்தில் இருக்கும் செய்தி. இயந்திரத்துக்குள் அது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே தானாகக் கண்டறியும் எந்தக் கருவியும் அடிப்படையில் ஊகம்தான் செய்கிறது. எவ்வளவு அறிவோடு ஊகிக்கிறது, சந்தேகம் வந்தால் என்ன செய்கிறது, தவறு நேர்ந்தால் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்ற மூன்றையும் வைத்தே அதை எடைபோட வேண்டும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த வன்பொருள் தேவையில்லை. ஒரு கணினிக்குள் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் மேல், அவற்றை அமைத்துத் தரும் வேக்ரன்ட் கொண்டு மூன்று மெய்நிகர் இயந்திரங்களை எழுப்பினாலே போதும். வேக்ரன்ட் ஒவ்வொரு இயந்திரத்தின் முதல் அட்டையையும் அதற்கென்றே தனியான நேட் வலைக்குள் (முகவரியை மாற்றி வெளியே அனுப்பும் வலைக்குள்) வைக்கிறது; அந்த வலை ஒவ்வொன்றிலும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. அதாவது மூன்று இயந்திரங்களுக்கும் ஒரே முகவரி. ஒன்றை ஒன்று அந்த முகவரி வழியே எட்டவும் முடியாது. அவை தமக்குள் பேசிக்கொள்ள இரண்டாவது அட்டையில் 192.168.56.11 முதல் 192.168.56.13 வரை முகவரிகளைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இணையத்துக்குப் போகும் டிஃபால்ட் ரூட் முதல் அட்டை வழியாகவே இருக்கும். ஆக, முதல் அட்டையை நம்பும் கருவி, டிஃபால்ட் ரூட்டை நம்பும் கருவி இரண்டுமே இங்கே வழுக்கி விழும். கருவியின் குணத்தை வெளிக்கொண்டுவர இதைவிட நேர்மையான களம் இல்லை.

காலிகோவுக்கு முன்பே, ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்நெட்டிஸ் நிரலான குப்லெட் இந்தக் களத்தில் இறங்கிவிடுகிறது என்பதால் அதைத் தொடாமல் மேலே போக முடியாது. நோடின் முகவரியை நாம் சொல்லாவிட்டால், குப்லெட் முதலில் நோடின் பெயரை முகவரியாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறது. டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இயந்திரப் பெயருக்கு எதிரே பெரும்பாலும் 127.0.1.1 என்று இருக்கும். லூப்பேக் என்பதால் அதை ஏற்காமல், டிஃபால்ட் ரூட் இருக்கும் அட்டையின் முகவரியை எடுத்துக்கொள்கிறது. நம் களத்தில் அது 10.0.2.15. நோடுகளின் விரிவான பட்டியலைக் கேட்டால், உள் முகவரிக்கான நெடுவரிசையில் மூன்று வரிகளிலும் 10.0.2.15 என்றே நிற்கும். மூன்று நோடுகளும் தயார் நிலையில் இருப்பதாகவும் காட்டும். இரண்டாவது நோடில் ஓடும் ஒரு பாடின் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் தொகுதியின்) பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்: முதல் நோடில் இருந்து கிளஸ்டரைக் கட்டுப்படுத்தும் ஏபிஐ சர்வர் அந்த நோடின் உள் முகவரியில் 10250 என்ற போர்ட்டைத் தொடர்புகொள்ளும், 10.0.2.15 தன்னுடைய முகவரியாகவே இருப்பதால் அது தன் இயந்திரத்தில் இருக்கும் குப்லெட்டிடமே போய்ச் சேரும். அந்த குப்லெட், அப்படி ஒரு பாட் தன்னிடம் இல்லை என்று உண்மையையே சொல்லும். எதிரே ஓடிக்கொண்டிருக்கும் பாடைக் கிளஸ்டர் காணவில்லை என்று சொல்லும் இந்தக் காட்சியைப் பார்த்து, முகவரியில்தான் பழுது என்று உடனே ஊகிப்பவர்கள் மிகச் சிலரே.

இப்போது காலிகோ. எதுவும் சொல்லாமல் நிறுவினால் அது பின்பற்றும் முறைக்கு ஃபர்ஸ்ட்-ஃபவுண்ட் என்று பெயர். இயந்திரத்தின் இன்டர்ஃபேஸ்களை (அசலும் மெய்நிகருமான நெட்வொர்க் அட்டைகளை) வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, செல்லுபடியாகும் முகவரி முதலில் எங்கே கிடைக்கிறதோ அதையே நோடின் முகவரியாக அறிவித்துவிடும். கண்மூடித்தனமாக அல்ல, டாக்கரின் பாலம், கன்டெய்னர்களை இணைக்கும் வெத் இணைகள், லூப்பேக், காலிகோவே உருவாக்கிய cali, tunl என்று தொடங்கும் இன்டர்ஃபேஸ்கள், இன்னொரு நெட்வொர்க் கருவியான ஃபிளானலுடையவை, மெய்நிகர் இயந்திரங்களுக்கான லிப்வர்ட் பாலங்கள் ஆகியவற்றைப் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடும் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. பல ஆண்டு அனுபவத்தில் சேர்ந்த பட்டியல் அது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் பெயர்ப்பட்டியல் எப்போதும் நடப்புக்கு ஓர் அடி பின்னால்தான் இருக்கும். டாக்கர் கம்போஸ் உருவாக்கும் பாலங்களின் பெயர் பிஆர் என்ற எழுத்துகளில் தொடங்கி ஒரு கோட்டுக்குப் பின் அடையாள எண்ணோடு வருவது. டாக்கர் என்ற சொல்லே அதில் இல்லாததால் அது சல்லடையில் சிக்காமல் போய், காலிகோ அந்தப் பாலத்தின் முகவரியை நோடின் முகவரியாக எடுத்துக்கொண்டது பயனர்களிடையே நன்கு அறியப்பட்ட சிக்கல்.

வேக்ரன்ட் களத்தில் ஃபர்ஸ்ட்-ஃபவுண்ட் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை: முதல் அட்டை, 10.0.2.15. ஆனால் இங்கே காலிகோவுக்கு ஒரு பெரிய பாராட்டு உரியது. இரண்டாவது நோட் அதே முகவரியோடு வந்து நிற்கும்போது, இந்த முகவரியை இன்ன பெயருடைய நோட் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பெயர் சொல்லிப் பதிவு எழுதிவிட்டு, காலிகோ நோட் நின்றுவிடுகிறது. தவறான முகவரியோடு ஓடிக்கொண்டிருப்பதைவிட இப்படி உரக்கச் சொல்லி நிற்பது எவ்வளவோ மேல். பதிவைத் திறந்து பார்த்த அடுத்த நிமிடமே எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

முகவரிகள் வெவ்வேறாக இருந்து, ஆனால் தவறானவையாக இருக்கும்போதுதான் நிலைமை கடினமாகிறது. நோடுகள் வழித்தகவலைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி முறையில் ஓடும் கிளஸ்டரில் காலிகோவின் பாட் தயார் நிலைக்கு வராமல், பேர்ட் (பிஜிபியை இயக்கும் நிரல்) தயாராக இல்லை, இன்ன முகவரியோடு பிஜிபி இணைப்பு ஏற்படவில்லை என்ற செய்தியோடு காத்துக்கொண்டிருக்கும். இந்தச் செய்தியைக் கண்டவுடன் பிஜிபியின் 179 என்ற போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்ப்பதே எல்லோருடைய பழக்கம். முதலில் பார்க்க வேண்டியது அந்தச் செய்திக்குள் இருக்கும் முகவரியைத்தான். 172.18 என்று தொடங்கும் முகவரி அங்கே தெரிந்தால், போர்ட்டைப் பற்றிக் கவலைப்படும் முன் டாக்கர் பாலத்தைச் சந்தேகிக்கலாம். பிஜிபியை அணைத்துவிட்டு, பாக்கெட்டை இன்னொன்றுக்குள் உறையிட்டு அனுப்பும் விஎக்ஸ்லேன் மட்டும் கொண்டு ஓட்டுபவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பாட்கள் எல்லாம் ஓடும். ஒரே நோடில் இருப்பவை தமக்குள் பேசும். நோட் விட்டு நோட் போகும் பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். குப்அட்ம் என்ற நிறுவும் கருவி கொண்டு நிறுவிய புதிய கிளஸ்டரில், டிஎன்எஸ் சேவை தரும் கோர்டிஎன்எஸ் பாட்கள் இரண்டும் பெரும்பாலும் முதல் நோடிலேயே போய் அமர்ந்திருக்கும் என்பதால், மற்ற நோடுகளில் பெயர்கள் முகவரியாக மாறாமல் தவிக்கும். பழியை டிஎன்எஸ் சுமக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது இன்னொரு நிலை. சேமிப்பகத்துக்கென்று ஒதுக்கிய தனி அட்டை, இன்டர்ஃபேஸ் வரிசையில் முன்னால் வந்துவிடுகிறது என்று கொள்வோம். எல்லா நோடுகளுக்கும் அந்த வலையில் முகவரி இருக்கிறது; ஒன்றை ஒன்று எட்டவும் முடிகிறது. ஃபர்ஸ்ட்-ஃபவுண்ட் அதைத் தேர்ந்தெடுக்கும். பிஜிபி இணைப்புகள் ஏற்படும். எல்லா நிலைக்குறிகளும் பச்சையாக இருக்கும். பாட்களின் மொத்தப் போக்குவரத்தும் சேமிப்பக வலைமேல் ஏறி ஓடத் தொடங்கும். வட்டு எழுதும் வேகம் ஏன் குறைந்தது என்ற கேள்வி சில மாதங்கள் கழித்து எழும்போது, அதற்கான விடை காலிகோவின் தொடக்கப் பதிவில் ஒரே ஒரு வரியாக இருந்து எப்போதோ அழிந்துபோயிருக்கும். இயல்பு முறையை நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்கு முதற்காரணம் இதுவே. தவறு செய்தும் வேலை செய்கிற நிலையை எந்தச் சோதனையும் பிடித்துத் தராது.

இனி, காலிகோ கையில் வைத்திருக்கும் மற்ற வழிகள். இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லும் முறை எல்லோரும் முதலில் எடுப்பது; பெயருக்கு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவம்) கொடுத்தால், பொருந்தும் இன்டர்ஃபேஸிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்ளும். ஒரே மாதிரியான இயந்திரங்கள் உள்ள இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 2013-இல் லினக்ஸின் தொடக்க மேலாளரான சிஸ்டம்டி கொண்டுவந்த பெயரிடும் முறைக்குப் பிறகு, அட்டையின் பெயர் அது செருகப்பட்டிருக்கும் இடத்தைச் சார்ந்து அமைகிறது. ஒரு நோடில் புதிதாக ஒரு பிசிஐ அட்டையைச் செருகியதும் பழைய அட்டையின் பெயர் மாறிவிடுவது நடக்கக்கூடியது. அன்றைக்கு அந்த நோட் மட்டும் முகவரி கிடைக்காமல் நிற்கும். வேண்டாத இன்டர்ஃபேஸ்களை மட்டும் தவிர்க்கச் சொல்லும் முறையும் உண்டு. வேறு வழி இல்லாதபோது மட்டுமே அதை நாடலாம்.

கேன்-ரீச் என்ற முறை புத்திசாலித்தனமானது. ஒரு முகவரியைக் கொடுத்தால், அதை அடைய எந்த மூல முகவரியைப் பயன்படுத்துவாய் என்று கர்னலின் ரவுட்டிங் டேபிளிடமே (வழி அட்டவணையிடமே) கேட்கிறது. யுடிபி சாக்கெட் ஒன்றைத் திறந்து அந்த முகவரியோடு இணைப்பதாகச் சொல்லி, கர்னல் தேர்ந்தெடுத்த உள்ளூர் முகவரியைப் படித்துக்கொள்கிறது. ஒரு பாக்கெட்டும் கம்பியில் போவதில்லை. நாமே ஐபி ரூட் கெட் கட்டளையைக் கொடுத்து, வரும் வரியில் மூல முகவரியைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே. இதன் வலிமை முழுவதும் எந்த முகவரியைக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. இணையத்தில் பலரும் கூகுளின் 8.8.8.8 முகவரியையோ அதன் தளப் பெயரையோ எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். அதை அப்படியே ஒட்டுவது நல்லதல்ல. வேக்ரன்ட் களத்தில் 8.8.8.8 கொடுத்தால் திரும்பவும் 10.0.2.15 தான் கிடைக்கும், 192.168.56.1 கொடுத்தால் சரியான முகவரி கிடைக்கும். இணையத்தோடு தொடர்பே இல்லாத, டிஃபால்ட் ரூட் வைக்காத கிளஸ்டரில் 8.8.8.8 எந்த விடையும் தராது. தளப் பெயரைக் கொடுத்தாலோ, நெட்வொர்க்கை எழுப்பும் கருவி எழும்புவதற்கே டிஎன்எஸ் வேண்டும் என்ற தலைகீழ் நிலை உருவாகிறது. நோடுகள் தமக்குள் பேச வேண்டிய வலைக்குள்ளேயே இருக்கும் ஒரு முகவரியைக் கொடுப்பதுதான் இந்த முறையின் சரியான பயன்பாடு.

சிஐடிஆர் முறையில் வலையின் எல்லையையே கொடுத்துவிடுகிறோம்: 192.168.56.0/24 என்று ஒரே வரி. அட்டையின் பெயர் எதுவாக இருந்தாலும், வரிசை எப்படி மாறினாலும், அந்த எல்லைக்குள் இருக்கும் முகவரியை ஒவ்வொரு நோடும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இந்தச் சிந்தனை புதியதல்ல. கோரோசிங்க் என்ற பழைய கிளஸ்டர் மென்பொருளில் நோடின் முகவரிக்குப் பதிலாக வலையின் முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதும் வழக்கம் இருந்தது. எல்லா நோடுகளிலும் ஒரே கோப்பை மாற்றமின்றி வைக்கலாம் என்பதே அதற்குக் காரணம். அதே நல்ல எண்ணம் காலிகோவிலும் வந்து அமர்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. சிஐடிஆர் எழுதுபவர், இந்தக் கிளஸ்டர் இந்த வலையில் ஓட வேண்டும் என்ற வடிவமைப்பு முடிவையே எழுதுகிறார். ஒரே ஒரு எச்சரிக்கை: கீப்அலைவ்டி போன்ற கருவி, இயந்திரம் விட்டு இயந்திரம் மாறும் பொது முகவரி ஒன்றை அதே வலைக்குள் வைத்திருந்தால், அதைத் தாங்கும் நோடில் இரண்டு முகவரிகளும் எல்லைக்குள் பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த முறையை மட்டும் நம்ப முடியாது.

கடைசியாக, குபர்நெட்டிஸ் ஏற்கெனவே அறிந்திருக்கும் உள் முகவரியை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை. என் பரிந்துரை இதற்கே. காலிகோ இங்கே தேடுவதில்லை. குப்லெட் நோடின் பதிவில் எழுதிவைத்ததைப் படிக்கிறது. குப்லெட்டின் பதிவே தவறாக இருந்தால் என்னாகும் என்று கேட்கலாம். தவறு அப்போதும் தவறுதான். ஆனால் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. குப்லெட்டுக்கு நோட்-ஐபி விருப்பத்தில் முகவரியைச் சொல்லிவிட்டால் (டெபியன் வகை இயந்திரங்களில் அதன் கூடுதல் விருப்பங்களுக்கான கோப்பு டிஃபால்ட் அடைவில் இருக்கிறது), ஏபிஐ சர்வர் பதிவுகளைக் கேட்டுப் போகும் முகவரியும், காலிகோ சுரங்கம் அமைக்கும் முகவரியும் ஒன்றாகிவிடும். இரண்டு கருவிகள் தனித்தனியாக ஊகித்து, இரண்டும் வெவ்வேறு விடைக்கு வந்து, பாதி வேலை செய்யும் கிளஸ்டரைப் பிழை பார்த்தவர்களுக்கு இந்த ஒற்றுமையின் அருமை புரியும்.

பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. 2014-இல் கோர்ஓஎஸ் நிறுவனத்தில் பிறந்த ஃபிளானல் எளிமைக்குப் பெயர் பெற்றது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டிஃபால்ட் ரூட் இருக்கும் இன்டர்ஃபேஸை எடுத்துக்கொள்கிறது. நோடின் பதிவில் பொது முகவரி என்ற அனோட்டேஷனாக (துணைக் குறிப்பாக) அதன் முகவரியை எழுதிவைக்கிறது. வேக்ரன்ட்டில் எல்லா இயந்திரங்களும் 10.0.2.15 என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் சிக்கலை ஃபிளானலின் ஆவணமே எடுத்துச் சொல்லி, இரண்டாவது இன்டர்ஃபேஸைக் குறிப்பிடும்படி அறிவுறுத்துகிறது. ஆவணத்தின் நேர்மை பாராட்டத்தக்கது. காலிகோவைப் போல, இந்த முகவரி ஏற்கெனவே இன்னாரிடம் இருக்கிறது என்று சொல்லி நிற்கும் பழக்கம் மட்டும் ஃபிளானலுக்கும் இருந்திருந்தால், அந்த ஆவணத்தைத் தேடிப் போகும் தேவையே பலருக்கு இருந்திருக்காது.

டாக்கரின் சொந்தக் கிளஸ்டர் முறையான டாக்கர் ஸ்வார்ம் முற்றிலும் வேறு குணம். 2016-இல் டாக்கர் 1.12 பதிப்போடு வந்த இந்த முறையில், ஸ்வார்மைத் தொடங்கும் கட்டளையை நம் வேக்ரன்ட் இயந்திரத்தில் கொடுத்தால் அது தொடங்க மறுக்கிறது. வெவ்வேறு இன்டர்ஃபேஸ்களில் பல முகவரிகள் இருப்பதால் எதை அறிவிப்பது என்று தேர்ந்தெடுக்க இயலவில்லை என்று சொல்லி, முதல் அட்டையில் 10.0.2.15, இரண்டாவது அட்டையில் 192.168.56.11 என்று இரண்டையும் எடுத்துக் காட்டி, எந்த விருப்பத்தின் வழியாக விடை சொல்ல வேண்டும் என்பதையும் அதே செய்தியில் தெரிவித்துவிடுகிறது. இந்தத் துறையில் நான் படித்த பிழைச் செய்திகளுள் இதுவே மிகச் சிறந்தது. காரணம், கண்டவை, செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் அடங்கிவிட்டன. விரல் நகர்த்தும் அளவுக்கான சிறு சிரமத்தை இன்று கேட்டு, பின்னால் வரும் இரவு விழிப்பை அது தவிர்க்கிறது.

சேவைகள் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்க உதவும் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் கான்சலும் அதே வழிதான். தனியார் ஐபிவி4 முகவரி (உள் வலைகளுக்கென்று ஒதுக்கிய முகவரி) ஒன்றே ஒன்று இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும்; ஒன்றுக்கு மேல் இருந்தால், பல முகவரிகள் கிடைத்தன, எது என்று சொல்லுங்கள் என்ற செய்தியோடு எழும்பாமல் நின்றுவிடும். டாக்கர் நிறுவிய இயந்திரத்தில் அதன் பாலமும் தனியார் முகவரியாகவே எண்ணப்படுவதால், இந்த நிறுத்தம் அடிக்கடி நேர்வது உண்மைதான். அதைத் தொல்லை என்று பலர் குறைபட்டாலும், நான் அதைக் குறையாகக் கருதவில்லை. அதோடு, இன்ன இன்டர்ஃபேஸின் முகவரி, இயந்திரத்தின் தனியார் முகவரி என்றெல்லாம் அமைப்புக் கோப்பிலேயே வார்ப்புருவாக எழுதும் வசதியையும் அது தருகிறது. எல்லா நோடுகளுக்கும் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொள்ள இது மிக உதவியானது. ஆனால் திறமூல உரிமத்தை வலியுறுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் முதன்மை மென்பொருள்களை திறமூலம் அல்லாத பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியபோது கான்சலும் மாறியது. காலிகோவும் ஃபிளானலும் அப்பாச்சி 2.0 உரிமத்திலேயே இருக்கின்றன.

காலிகோ மட்டும் ஸ்வார்மைப் போல நின்று கேட்டிருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. நூற்றுக்கணக்கான நோடுகள் தாமாக எழும்பித் தாமாக மறையும் மேகச் (கிளவுட்) சூழலில், ஒவ்வொன்றும் மனிதரின் விடைக்காக நிற்க முடியாது என்பது அதற்கான நியாயமான பதில். அங்கெல்லாம் அட்டையும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் ஃபர்ஸ்ட்-ஃபவுண்ட் தவறுவதும் இல்லை. என் குறை அதன் தானியங்கித் தன்மையில் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தகுதியான முகவரிகள் கண்ணில் பட்டும், அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பற்றி நிர்வாகியின் கண்ணில் படும்படி எதுவும் சொல்லாமல் போவதில்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்தது இது, ஒதுக்கியவை இவை என்று நோடின் நிலைக்குறிப்பில் ஒரு வரி எழுதினால்கூடப் பெரும் உதவியாக இருக்கும்.

நிறுவும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேனிஃபெஸ்ட் என்ற அமைப்புக் கோப்பு கொண்டு நிறுவியவர்கள் காலிகோ நோட் டீமன்செட்டில் (ஒவ்வொரு நோடிலும் ஒரு பாடை ஓட்டும் அமைப்பில்) ஒரு சூழல் மாறியை மாற்றினால் போதும். நிறுவலைத் தானே கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர் என்ற நிரல் கொண்டு நிறுவியவர்கள் அதே மாற்றத்தை டீமன்செட்டில் செய்தால், ஆபரேட்டர் அதைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும். அவர்கள் இன்ஸ்டலேஷன் என்ற வளத்தில், முகவரி கண்டறிதலுக்கான பகுதியில் எழுத வேண்டும், அதிலும் ஒரு நேரத்தில் ஒரு முறையை மட்டுமே. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகள் பெரும்பாலும் முதல் வழியையே சொல்வதால், மாற்றியும் மாறவில்லை என்ற குழப்பம் புதியவர்களுக்கு நேர்கிறது.

முகவரியோடு சேர்த்து அதன் மாஸ்க்கையும் (வலையின் அளவைக் காட்டும் /24 போன்ற பகுதியையும்) காலிகோ எடுத்துக்கொள்கிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. நோடின் அனோட்டேஷனில் 192.168.56.11/24 என்று முழுதாக எழுதப்பட்டிருக்கும். கிராஸ்-சப்நெட் முறையில், இரண்டு நோடுகள் ஒரே சப்நெட்டில் (உள்வலையில்) இருந்தால் பாக்கெட்டை உறையிடாமல் நேராக அனுப்பவும், வெவ்வேறாக இருந்தால் மட்டும் உறையிடவும் இந்த மாஸ்க்கையே அது பார்க்கிறது. சில மேகச் சேவைகளில் இயந்திரத்துக்கு /32 மாஸ்க்கோடு முகவரி கொடுக்கப்படுவதால், அங்கே பக்கத்துப் பக்கத்து நோடுகளும் காலிகோவின் கண்ணுக்கு வெவ்வேறு சப்நெட்டாகவே தெரியும். எல்லாமே உறையிடப்பட்டே போகும். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கிராஸ்-சப்நெட்டைத் தேர்ந்தெடுத்ததன் பயன் கிடைப்பதில்லை.

ஐபிவி6 முகவரியைக் கண்டறியும் வேலையை நாம் தனியாக இயக்கிவிட வேண்டும். இரண்டு வகை முகவரிகளோடும் ஓடும் கிளஸ்டர்கள் குபர்நெட்டிஸ் 1.23 பதிப்பில் நிலைபெற்ற பிறகு இந்தத் தேவை கூடியிருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி முறை வைக்க முடிவதும் வசதியே. முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழியாக நோடின் முகவரி மாறினால், காலிகோ இடைவெளி விட்டு மீண்டும் பார்த்துப் புதிய முகவரிக்கு மாறிக்கொள்கிறது. இந்த நெகிழ்வை நம்பி நோடுகளுக்கு மாறும் முகவரி கொடுத்துவிடக் கூடாது. கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியின் உறுப்பினர் பட்டியலிலும் ஏபிஐ சர்வரின் சான்றிதழிலும் முகவரிகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அவை காலிகோவைப் போல வளைந்து கொடுப்பதில்லை.

யாருக்கு இது பொருந்தும்? ஒரே அட்டை கொண்ட இரண்டு மூன்று இயந்திரங்களில் வீட்டிலோ வகுப்பறையிலோ பழகுபவருக்கு, ஃபிளானலை உள்ளேயே கொண்டிருக்கும் கே3எஸ் என்ற எளிய குபர்நெட்டிஸ் வடிவம் போதும். அதிலும் நோடின் முகவரியையும் ஃபிளானலின் இன்டர்ஃபேஸையும் சொல்லும் விருப்பங்கள் இருக்கின்றன. பல அட்டைகள், தனிச் சேமிப்பக வலை, பாதுகாப்பு விதிகள் என்று வளர்ந்த கிளஸ்டருக்குக் காலிகோவையே பரிந்துரைக்கிறேன்; குப்லெட்டுக்கு நோட்-ஐபியைச் சொல்லி, காலிகோவைக் குபர்நெட்டிஸின் உள் முகவரியைப் பின்பற்றச் செய்துவிட்டு. நோட்-ஐபியை ஒவ்வொரு இயந்திரத்திலும் எழுத முடியாத இடத்தில் சிஐடிஆர் முறை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் இந்த மாற்றத்தைச் செய்பவர்கள், முதலில் நோடுகளின் பட்டியலில் உள் முகவரிகளையும், நோடின் அனோட்டேஷனில் காலிகோ எழுதிவைத்திருக்கும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் எல்லா நோடுகளிலும் ஒன்றாக இருந்தால் மாற்றம் எந்த அதிர்வும் இல்லாமல் முடியும். வேறாக இருந்தால், காலிகோ பாட்கள் ஒவ்வொரு நோடாக மறுபடி எழும்பும்போது பழைய முகவரியில் இருக்கும் நோடுகளுக்கும் புதிய முகவரிக்கு வந்தவற்றுக்கும் இடையே சிறிது நேரம் தொடர்பு அறுந்து நிற்கக்கூடும்; அதைப் பராமரிப்பு நேரத்தில் மட்டுமே செய்ய வேண்டும். முடிந்தபின் காலிகோசிடிஎல் கருவியில் நோடின் நிலையைக் கேட்டு, ஒவ்வொரு இணை முகவரிக்கும் எதிரே எஸ்டாப்ளிஷ்ட் என்று வந்திருக்கிறதா, அந்த முகவரிகள் நாம் எண்ணிய வலையைச் சேர்ந்தவைதாமா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.